பெரியம்மையின் காலுக்கு ஒன்றரை டைல்ஸ் இடம்

1

முத்துவுக்கும் சங்கரிக்கும் மும்பையிலிருந்து பெரியப்பா எழுதுவது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் யாராவது கூட இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவி, சந்தனம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டு உங்களுக்கு வீடியோவில் காட்டினேனே, நினைவிருக்கிறதா? அப்போது சங்கரி கேட்டாள்: "பெரியப்பா, பெரியம்மை உக்காருத எடத்துல ஏன் சாக்கு கெடக்கு?" நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. உங்கள் பெரியம்மை பக்கத்தில் உட்கார்ந்து சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கேள்வி காதில் விழுந்ததும் துருவும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி ஆரம்பித்தது.

அன்றைக்குச் சொல்லாத பதிலை இப்போது சொல்லலாம் என்று தோன்றுகிறது. அதற்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் அந்தக் கேள்விதான் காரணம். நான் எட்டாவது வரைதான் படித்தவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வண்டியை நீங்கள் லாரி என்கிறீர்கள். அது லாரி இல்லை. சின்னப் பிக்கப். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் சரக்கு ஏற்றலாம். மும்பையில் இதை டெம்போ என்றுதான் சொல்வார்கள். நான் வாங்கும்போதே பழசு. இப்போது அதைவிடப் பழசு. தரைத் தகடு துருப்பிடித்து, கால் வைக்கும் இடத்தில் ஒரு ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியாக ரோடு ஓடுவது தெரியும். மழைக்காலத்தில் ரோடு தெரியாது, தண்ணீர்தான் தெரியும். அப்போதெல்லாம் எனக்கு வண்டி ஓட்டுகிற நினைப்பே இருக்காது. தோணியில் போகிற மாதிரி இருக்கும்.

2

எங்கள் தொழில் வாழை இலை. விடிவதற்கு முன்னால் தாராவியிலிருந்து கிளம்பி, தாதர் சந்தையில் இலைக்கட்டு ஏற்றி, மாட்டுங்காவில் சாப்பாட்டுக் கடைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் போடுவோம். மிச்சத்தைச் செம்பூருக்குக் கொண்டுபோவோம். தேவ்நார் பக்கம் கோயிலில் விசேஷம் என்றால் அங்கேயும் போவோம். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிட வேண்டும். இலை வாடினால் யாரும் வாங்கமாட்டார்கள்.

போவோம், போடுவோம் என்று எழுதுகிறேன் அல்லவா? நானும் பெரியம்மையும்தான். உங்கள் அண்ணன் சதீஷ் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த காலத்திலிருந்து அவள் என்னோடு முன் சீட்டில் வருவாள். எண்ணிக் கொடுப்பதும் நுனி கிழிந்த இலையைக் கண்டுபிடித்துத் தள்ளுவதும் அவள் வேலை. அதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. ராத்திரி கண்ட கனவை எனக்குச் சொல்வாள்.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, உங்கள் அம்மாவும் சொல்லியிருப்பாள். கெட்ட கனவு கண்டால் வீட்டுக்குள் வைத்துச் சொல்லக்கூடாது, ஓடுகிற தண்ணீரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். கல்யாணமாகித் தாராவிக்கு வந்த புதிதில் பெரியம்மை ஒரு கனவு கண்டு, எழுந்து உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "இங்கன ஓடுத தண்ணி எங்க இருக்கு?" குழாயில் தண்ணீர் வர இன்னும் நேரம் இருந்தது. வந்தாலும் வரிசையில் நிற்கிறவர்கள் முன்னால் கனவு சொல்ல முடியுமா? அப்போது எனக்கு வண்டி கிடையாது, அடுத்தவர் வண்டிக்கு டிரைவர். பிறகு இந்தப் பிக்கப் வந்தபோது அவளே ஒரு முடிவு செய்துகொண்டாள்.

"தண்ணி ஓடுனா என்ன, வண்டி ஓடுனா என்ன? ஓடுதுல்லா!"

முதலில் கெட்ட கனவு மட்டும்தான் சொன்னாள். பிறகு நல்ல கனவு, அதற்குப் பிறகு எந்தப் பக்கமும் சேராத கனவுகள் எல்லாம் வந்தன. ஒருநாள் கடல் எங்கள் சந்துக்குள் வந்துவிட்டதாம். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டு நின்றதாம். "நீ என்னளா சொன்ன?" என்று கேட்டேன். "தரையெல்லாம் ஈரமாயிரும், வெளிய நின்னே பேசுன்னேன். பாவம், மொகம் சுருங்கிப் போச்சு அதுக்கு" என்றாள். இன்னொரு நாள் சயான் பாலம் முழுக்க இலை விரித்துக் கிடந்ததாம். ரயில் அதன்மேல் சத்தமே இல்லாமல் போயிற்றாம்.

எனக்குத் தூக்கம் வராமல் இருக்கத்தான் அவள் இதையெல்லாம் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகு ஒருநாள் தெரிந்தது, கேட்பதற்காகத்தான் நான் சீக்கிரம் எழுந்துகொண்டிருந்தேன் என்று. தெருவிளக்கு மஞ்சளாக எரியும். கண்ணாடியில் பனி படிந்திருக்கும். அவள் சொல்வதும் வெளியே தெரிவதும் ஒன்றாகக் கலந்துவிடும். மெட்ரோத் தூண்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போவதைப் பார்த்தால், அவையும் அவள் கனவிலிருந்து இறங்கி வந்து நிற்கிற மாதிரி இருக்கும்.

போன வருஷம் மழைக்கு முன்னால் அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. வலி குறைந்தது. ஆனால் கால் முழுக்க மடங்கவில்லை. நம் வண்டியில் முன்சீட்டுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் இடம் குறைவு. நீட்டிய காலோடு உட்கார வழியில்லை. ஒரே ஒரு தடவை ஏறப் பார்த்தாள். பாதியில் மாட்டிக்கொண்டாள். நானும் இன்னொருவரும் பிடித்து இறக்கினோம். சந்தே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு வீட்டுக்குள் போனவள், மருத்துவமனையைத் தவிர வேறு எங்கும் வெளியே வரவில்லை.

வீட்டில் வைத்துக் கனவு கேட்டுப் பார்த்தேன். "வீட்டுக்குள்ள என்னத்தக் கனவு சொல்லுதது? போங்க, நேரமாச்சு" என்றாள். ராத்திரி சரியாகத் தூங்குவதும் இல்லை. கால் இழுக்கிறது, ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை என்பாள். தூங்கினால்தானே கனவு வரும்?

அவள் இடத்தில் நான் சாக்கைப் போட்டேன். காலியாகப் பார்க்கப் பிடிக்கவில்லை. சங்கரி, உன் கேள்விக்குப் பதில் இதுதான்.

3

சதீஷ் கல்யாணில் இருக்கிறான். ஊர் பெயர்தான் கல்யாண், வேறொன்றும் இல்லை. இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. அவன் மகள் ரியா என்னைத் தாத்தாஜி என்று கூப்பிடுவாள். தாத்தா தமிழ், ஜி ஹிந்தி, இரண்டும் சேர்ந்து எனக்கு இரட்டை மரியாதை. அவளிடம் நான் இரண்டு வாக்கியத்துக்கு மேல் தமிழில் பேசினால், அப்பா முகத்தைத் திரும்பிப் பார்ப்பாள். அவன் ஹிந்தியில் எடுத்துச் சொல்வான். என் பேத்தியோடு நான் பேச என் மகனே நடுவில் நிற்கிறான். இதில் யாரைக் குறை சொல்வது? அவள் பள்ளிக்கூடத்தில் தமிழ் இல்லை, அடுத்த வீட்டிலும் இல்லை.

சதீஷுக்கு இந்த வண்டியைப் பிடிக்காது. பிடிக்காது என்பதைவிடப் பயம் என்று சொல்லலாம்.

"அப்பா, பஸ் ஹோ கயா, போதும். வித்துருங்க. பேட்டரி வண்டி ஒண்ணு புக் பண்ணித் தாறேன், ஏசி இருக்கு. இதுல போயிட்டு நடு ரோட்ல நின்னா என்ன செய்வீங்க?"

"நின்னா இறங்கித் தள்ளுவேன்ல. புது வண்டி நின்னா ஆள் வாற வரைக்கும் உள்ள உக்காந்துல்லா இருக்கணும்?"

"ஜோக் அடிக்காதீங்கப்பா."

அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் புது வண்டியிலும் அதே இடம்தான். காட்சி அறையில் போய்ப் பார்த்தேன். ஏசி இருந்தது, நீட்டுகிற காலுக்கு இடம் இல்லை.

ஆயுத பூஜை முடிந்த வாரம் ஒருநாள் பெரியம்மை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். வலது காலை நீட்டியிருந்தாள். எங்கள் தரையில் டைல்ஸ் போட்டிருக்கிறது. நாற்காலியின் முன்காலிலிருந்து அவள் குதிகால் வரைக்கும் பார்த்தேன். சரியாக ஒன்றரை டைல்ஸ். அதற்குக் குறைந்தால் வலி, அதுவரை இருந்தால் சுகம்.

"என்னத்த அப்படிப் பாக்கிய?"

"டைல்ஸ் அழுக்கா இருக்கு."

"இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் கண்ணு தெரிஞ்சுதாக்கும்! தொடைக்குத துணி அங்கன இருக்கு."

துடைத்தேன். துடைத்துக்கொண்டே இன்னொரு தடவை அளவைச் சரிபார்த்துக்கொண்டேன். டைல்ஸ் போட்டபோது மிஞ்சிய ஒன்று படிக்கு அடியில் கிடந்தது. அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இசக்கியின் பட்டறைக்குப் போனேன்.

4

இசக்கி வள்ளியூர்ப் பக்கத்துக்காரன். தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தின் கடைசியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். எஞ்சின் வேலையும் தெரியும். என்னை அண்ணாச்சி என்பான், பெரியம்மையை மைனி என்பான். வாய் கொஞ்சம் அதிகம்.

"என்ன அண்ணாச்சி, டைல்ஸக் கொண்டு வாறிய? வண்டிக்குத் தரை போடப் போறியளா?"

விஷயத்தைச் சொன்னேன். அவன் டைல்ஸை வாங்கி முன்சீட்டுக்கு முன்னால் வைத்துப் பார்த்தான். ஒன்றுகூட முழுசாக உட்காரவில்லை. ஆட்களின் பின்னால் இருக்கும் சுவரை இடது பக்கத்தில் மட்டும் வெட்டி, சீட்டைச் சரக்குப் பெட்டிப் பக்கமாகத் தள்ளினால்தான் ஒன்றரை வரும்.

"செஞ்சிரலாம். ஆனா சும்மா வெட்டுனா பாஸிங்ல நிப்பாட்டிருவான். கேட்டுட்டு வாங்க."

பாஸிங் என்பது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியாக இருக்கிறதா என்று ஆர்டிஓ ஆபீசில் பார்த்துச் சொல்வது. வண்டிக்குப் பரீட்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை மாற்றிக் கட்டுவதாக இருந்தால் முதலிலேயே அனுமதி கேட்க வேண்டும். போனேன். ஒரு ஜன்னல் இன்னொரு ஜன்னலைக் காட்டியது. அந்த ஜன்னல் சாப்பாட்டுக்குப் பிறகு வரச் சொன்னது. சாப்பாட்டுக்குப் பிறகு முதல் ஜன்னலே சரி என்றார்கள். அங்கே இருந்தவர் நல்ல மனுஷன். எதற்காக மாற்றுகிறாய் என்று மராத்தியில் கேட்டார். இத்தனை காலம் இங்கே இருந்தும் எனக்கு மராத்தி கோர்வையாக வராது. ஹிந்தியில் ஆரம்பித்து, மராத்தியில் ஒரு கால் வைத்து, முடிக்கும்போது தமிழுக்கு வந்துவிட்டேன். கடைசியில் காலை நீட்டி முழங்காலைத் தட்டிக் காட்டினேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, "கோணாச்சா, துமச்சா?" என்றார். யாருடைய கால், உன்னுடையதா என்று கேட்கிறார்.

"பாய்கோ, சாஹேப்" என்றேன். மனைவியின் கால்.

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, வரைபடம் ஒன்று கேட்டார். சீட்டு பலமாக இருக்க வேண்டும், பெல்ட் வேண்டும், உயரம் எவ்வளவு வரை போகலாம், எல்லாம் சொன்னார். நாலைந்து தடவை நடந்து அனுமதி வாங்கினேன். ஒவ்வொரு தடவையும் பெரியம்மை, "எங்க போயிட்டு வாறிய?" என்று கேட்டாள். "டீசல் போட" என்றேன். "அந்த வண்டி டீசல் குடிக்கா, குளிக்கா?" என்றாள்.

5

வேலை நடந்த நாட்களில் நான் வாடகை வண்டியில் இலை போட்டுவிட்டு, மத்தியானம் பட்டறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். இசக்கி வெட்டும்போது தீப்பொறி தரையில் விழுந்து உருண்டு அணையும். முகத்துக்குக் கறுப்புக் கண்ணாடி பிடித்துப் பார்த்தால் உலகம் முழுக்க இருட்டு, நடுவில் ஒரு பச்சை நட்சத்திரம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நேரம் போவது தெரியாது.

பழைய வண்டியில் ஒன்றைத் தொட்டால் பத்து வரும். பின்சுவரை வெட்டினால் அடியில் துரு. துருவை எடுத்தால் தகடு பிஸ்கோத்து மாதிரி உதிர்ந்தது. ரோடு தெரியும் ஓட்டையை அடைத்து, புதுத் தகடு வைத்தான். கிளட்ச் பிளேட் மாற்றினோம். குளிர் நாளில் வண்டி கிளம்பாமல் இருமுவதற்கு டீசல் வரும் குழாயில் காற்றுப் புகுவதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, அந்த ரப்பர்க் குழாயை நானே மாற்றினேன். சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்திருக்கும் பட்டைகள் தொய்ந்துபோய் இருந்தன. ஒவ்வொரு பக்கமும் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டான். வண்டி குந்தியிருந்தவன் எழுந்து நின்ற மாதிரி நிமிர்ந்தது.

சீட்டுக்கு இடம் கொடுத்ததில் பின்னால் ஒரு வரிசை இலைக்கட்டுக்கு இடம் போயிற்று. இலைக்கட்டைப் படுக்கப் போடக்கூடாது, நுனி மேலே பார்க்க நிறுத்த வேண்டும். நுனி மடங்கிய இலையைப் பந்தியில் யாரும் போடமாட்டார்கள். போன வரிசையை மேலே ஒரு தட்டாக வைக்கலாம் என்றான் இசக்கி. இரும்புக் குழாயில் கூண்டு கட்டினோம். அளவு தவறக்கூடாது என்று தாதரிலிருந்து நீளமான இலைக்கட்டாகப் பார்த்து ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, அதற்கு மேல் நாலு விரல் இடம் விட்டுக் கட்டினோம். ஆபீசில் சொன்ன உயரத்தையும் பார்த்துக்கொண்டோம்.

காலுக்கு டைல்ஸ் வைத்து அளந்தோம். இலைக்கு இலையை வைத்தே அளந்தோம். நானும் இசக்கியும் எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

சந்தின் உயரத்தை யாரும் அளக்கவில்லை.

6

அந்தச் சந்தின் நடுவில் ஒரு இடத்தில், மாடி அறை ஒன்று தெருவுக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தாங்க இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் ஒரு இரும்பு உத்திரம் போட்டிருக்கிறார்கள். பட்டறைக்குப் போக வேறு வழி கிடையாது. வண்டி உள்ளே வரும்போது குட்டையாக வந்தது. இப்போது கூண்டு வைத்து, பட்டை போட்டு, நிமிர்ந்து நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை. வேலை முடிந்தது. வண்டியை வெளியே எடுத்தேன். உத்திரத்தில் கூண்டு இடித்தது. டங்!

மாடியிலிருந்து சாந்தாபாய் தலையை நீட்டினாள். கையில் பால் பாத்திரம். "அரே, மேரா கர் உட்டாகே லே ஜாயேகா க்யா?" என் வீட்டையே தூக்கிக்கொண்டு போகப் போகிறாயா என்று கத்தினாள். நியாயமான கேள்விதான்.

இசக்கி மேலே ஏறிப் பார்த்துவிட்டுச் சொன்னான், "அண்ணாச்சி, நாலு விரக்கட இடிக்கி."

"இலைக்கு விட்ட அதே நாலு விரலா?"

"அதே நாலு விரலுதான். அறுத்துருவமா?"

அறுத்தால் வண்டி குலுங்கும்போது நுனி மேலே இடித்து மடங்கும். மேல் தட்டு வேண்டாம் என்றால் சரக்குக் குறையும். குறைந்த சரக்கோடு ஓட்டினால் கட்டுப்படியாகாது, சீட்டைப் பழையபடி முன்னால் தள்ளத்தான் வேண்டும். ஒன்றரை டைல்ஸ் இடம் போய்விடும். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து சதீஷ் வந்து சேர்ந்தான். வண்டியைப் போட்டோ எடுத்து விற்பனைக்குப் போடலாம் என்று, என்னிடம் சொல்லாமலே கல்யாணிலிருந்து வந்திருக்கிறான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வண்டியையும் உத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்பா, யே க்யா கியா? என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

"ஏல, வந்ததும் வந்த, பின்னால ஏறு. அமுங்குதான்னு பாப்பம்."

முதலில் நாலு சக்கரத்திலும் காற்றைக் குறைத்தோம். ஒரு விரல் கிடைத்தது. பிறகு ஆட்களை ஏற்றினோம். பட்டறைப் பையன்கள், எதிர்வீட்டு மாவு அரைக்கிறவர், தோல் பை தைக்கிறவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், ஒவ்வொருவராக ஏறிக் கூண்டுக்குள் குந்திக்கொண்டார்கள். சாந்தாபாயும் இறங்கி வந்துவிட்டாள். "என் வீடு விழுந்தால் நான் உள்ளே இருக்கமாட்டேன்" என்று ஹிந்தியில் சொல்லிக்கொண்டு சதீஷ் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பாத்திரத்திலிருந்து அவன் சட்டையில் பால் சிந்தியது. வண்டி முனகிக்கொண்டு தாழ்ந்தது. உருட்டினேன். க்ரீச்சென்று உரசி நின்றது.

"இன்னும் ஒரு விரக்கட!" என்றான் இசக்கி. "புதுப் பட்டை அண்ணாச்சி, மடங்க மாட்டேங்கு. நாமதான போட்டோம்."

அப்போது சந்தின் அந்த முனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பெரியம்மை. கம்பை ஊன்றிக்கொண்டு நின்றாள். யாரோ போய், உங்கள் வீட்டுக்காரர் வண்டி சந்தில் மாட்டிக்கொண்டது என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் எப்படி அவ்வளவு தூரம் நடந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"கோழிக்கூட்டுல அடைச்ச மாதிரில்லா இருக்கிய எல்லாரும்! ஏல சதீசு, ஒனக்கு இந்த வண்டியே ஆகாதே, நீ எப்படி உள்ள போன?"

"ம்மா, அப்பாகிட்ட கேளுங்க."

"என்ன விசயம்?"

இசக்கிக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. "மைனி, இன்னும் கொஞ்சம் வெயிட்டு வேணும். பின்னால எடமில்ல."

வா, ஏறு என்று நான் சொல்லியிருந்தால் அவள் வந்த வழியே திரும்பிப் போயிருப்பாள். எனக்குத் தெரியும். சந்து முழுக்க ஆட்கள். போன தடவையும் இப்படித்தான் நின்று பார்த்தார்கள்.

அவள் இடது பக்கக் கதவண்டை வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். தாழ்வாக வைத்த புதுப் படியைப் பார்த்தாள். பிடித்து ஏற வைத்த கம்பியைத் தொட்டாள். பின்னால் தள்ளிப் போன சீட்டைப் பார்த்தாள். அதற்கு முன்னால் கிடந்த காலி இடத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு ஓரத்தில் டைல்ஸ் அப்படியே கிடந்தது. எடுத்து வைக்க மறந்துவிட்டேன். அவள் முகம் என் பக்கம் திரும்பியது.

"அன்னைக்குத் தரை தொடச்சது இதுக்குத்தானா?"

"டைல்ஸ் அழுக்காத்தான் இருந்துச்சு."

கம்பை என்னிடம் நீட்டினாள். "எடைக்குத்தான் ஏறுதேன். வேற எதுக்கும் இல்ல" என்றாள், சந்துக்கே கேட்கும்படி.

இடது காலைப் படியில் வைத்தாள். கம்பியைப் பிடித்து ஒரு மூச்சில் ஏறி, பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். வலது காலை மெதுவாக நீட்டினாள். கால் நீண்டுகொண்டே போய், சரியான இடத்தில் நின்றது. நான் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து சதீஷ், "அப்பா, வண்டியைப் பாருங்க!" என்று கத்தினான்.

கிளட்சை விட்டேன். உத்திரம் கூண்டின்மேல் விரலால் தடவுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை. தலைக்குமேல் வானம் வந்துவிட்டது.

ரோட்டுக்கு வந்ததும் எல்லோரும் குதித்து இறங்கினார்கள். இசக்கி காற்றடிக்கும் குழாயைக் கொண்டுவந்து ஒவ்வொரு சக்கரமாக அடித்தான். சதீஷ் போனை எடுத்து ஒரு போட்டோ எடுத்தான், வண்டியை இல்லை, அம்மாவை. அதை விற்பனைக்குப் போட முடியாது என்று இசக்கி சொன்னதற்கு அவனும் சிரித்தான். சட்டையில் துரு, பால், கிரீஸ் எல்லாம் இருந்தது.

எடை இனித் தேவையில்லை. இறங்கு என்று யாரும் சொல்லவில்லை. அவளும் இறங்கவில்லை.

7

பாஸிங் ஆகிவிட்டது. ஆபீசில் வண்டியைப் பார்க்க வந்த அதிகாரி சீட்டில் உட்கார்ந்து, காலை நீட்டி, பெல்ட்டைப் போட்டுக் கழற்றிப் பார்த்தார். கூண்டு உயரத்தை நாடாவால் அளந்தார். போகலாம் என்று தலையசைத்தார்.

மறுநாள் விடியலில் பெரியம்மை எனக்கு முன்னாலேயே வண்டியண்டை வந்து நின்றாள். பழக்கத்தில் அவள் சீட்டில் நான் மறுபடி போட்டிருந்த சாக்கை எடுத்துப் பின்னால் போட்டாள். நான் கம்பை வாங்கிக்கொண்டேன்.

தாதரில் இலை ஏற்றும் வரைக்கும் நுனி, காம்பு, எண்ணிக்கை என்று அதட்டிக்கொண்டிருந்தாள். கிளம்பியதும் பேச்சு நின்றது. வெளியே லேசான மூட்டம். சிக்னல் விளக்குகள் வண்டியே இல்லாத ரோட்டுக்குச் சிவப்பும் பச்சையும் காட்டிக்கொண்டிருந்தன. நான் காத்திருந்தேன். ஒரு திருப்பம் போயிற்று, அடுத்த திருப்பமும் போயிற்று. இப்போது ஆரம்பிப்பாள், இப்போது ஆரம்பிப்பாள் என்று காதை அந்தப் பக்கமே வைத்திருந்தேன்.

கடைசியில் திரும்பிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். தலை சாய்ந்திருந்தது. கால் நீண்டிருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. வீட்டில் எத்தனையோ ராத்திரிகள் புரண்டு புரண்டு தேடிய தூக்கம் இந்தச் சீட்டில் வந்து அவளைப் பிடித்துவிட்டது. கண்ணிமைக்கு அடியில் ஏதோ அசைந்தது.

மாட்டுங்காவில் கடைப் பையன் ஓடிவந்து, "மாமி வந்தாச்சா!" என்று வாயெடுத்தான். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தான். கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, குழந்தையை இறக்குகிற மாதிரி இறக்கினோம். கடைக்காரரும் வெளியே வந்து பார்த்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமல் உள்ளே போனார்.

இன்னும் செம்பூருக்குப் போட வேண்டிய இலை இருந்தது. வழக்கமான ரோட்டில் குழி அதிகம். சுற்றுவழியில் போனால் நேரமாகும், அங்கே திட்டுவார்கள்.

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, சுற்றுவழியில் வண்டியைத் திருப்பினேன்.